சித்திக்குக் கலந்த அத்தர்

போன மாதம் மயிலாப்பூரில் ஒரு மாடியறையில், வாசனை எண்ணெய்களைக் கலந்து நமக்கு நாமே அத்தர் செய்துகொள்வது எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடந்தது. என் மகள் இரண்டு பெயராகக் கொடுத்துவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பதை நெருங்கும் அம்மாக்களை எதிலாவது ஈடுபடுத்தி வைக்க வேண்டும் என்று இப்போதெல்லாம் பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள்.

பாடம் நடத்திய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். எங்களை வட்டமாக உட்காரவைத்து, முன்னனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டார். எல்லோரும் அடக்கமாக இல்லையென்று தலையசைத்தார்கள். நான் கையைத் தூக்கினேன். பத்து வயதில் தொழிலுக்கு வந்தவள், ஒரே ஒரு வாடிக்கையாளர்தான், ஆனால் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவர் என்றேன். மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். அடக்கம் என்ற குணம் எனக்கு வாய்க்காமல் போனதற்கு அந்த வாடிக்கையாளர்தான் முழுப் பொறுப்பு.

அவர் என் சித்தி. அம்மாவின் தங்கை.

அப்போது நாங்கள் தி.நகரில் உஸ்மான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரவிக்கைத் துணிக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து பதினைந்து வருடம் ஆகியும் அம்மாவின் பேச்சு ரயிலை விட்டு இறங்கவில்லை. சித்தி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊராரின் பேச்சை இங்கிருந்து அங்கே இணைத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்காகவே ஊரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். வயது இருபத்தாறு முடிந்திருந்தது. அந்த எண்ணைச் சொல்லும்போது வீட்டில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள், ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோல.

ஜாதகங்கள் வராமலில்லை. வந்த எல்லாவற்றிலும் ஒரே நிபந்தனை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது.

"வேலைய விடச் சொல்லாத ஆளாப் பாருங்க அத்தான்" என்று சித்தி ஒருமுறை அப்பாவிடம் சொன்னார்.

"அப்படி ஒருத்தன் இன்னும் பொறக்கலம்மா" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை. சரக்கு இருப்பில் இல்லை என்று கடையில் சொல்கிற அதே தொனிதான்.

இந்தச் சூழ்நிலையில்தான் நான் அத்தர் தொழிலில் இறங்கினேன்.

காரணம், எங்கள் தெருமுனை வீட்டுப் பெரியவர் காலமானது. தொண்ணூறு வயதைத் தாண்டியவர், பேரன் பேத்திகள் நிறைய. மேளதாளத்தோடு, தெரு முழுக்கப் பூவை இறைத்துக்கொண்டு எடுத்துப் போனார்கள். அம்மா எங்கள் வீட்டு ஜன்னல்களை எல்லாம் சாத்தினார். சமையலறை ஜன்னல் ஒன்று மட்டும் மழையில் ஊறி உப்பி, பாதிக்குமேல் மூடாது. அதன் இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நான் நின்றேன். அப்போதுதான் ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. ரோஜா, சம்பங்கி, மரிக்கொழுந்து, பன்னீர், கட்டுக்கட்டாகக் கொளுத்திய ஊதுபத்தி எல்லாம் ஈரத் தார்ச்சாலையின் மேல் ஒன்றாகக் கலந்து, இடுக்கு வழியாக உள்ளே வந்தது. பத்து வருட வாழ்க்கையில் அவ்வளவு அழகான ஒன்றை நான் முகர்ந்ததில்லை. ஊர்வலம் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றேன். எப்படியாவது இதை ஒரு புட்டியில் அடைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வாசனைகளுக்கும் நாள் நட்சத்திரம் உண்டு, சிலதை நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் விடக் கூடாது என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் எனக்குப் பாடமாக வந்திருக்கவில்லை.

பாண்டி பஜாரில் இரண்டு கடைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பெட்டியை வைத்துக்கொண்டு அத்தர் விற்கிற பாய் ஒருவர் இருந்தார். பள்ளி விட்டு வரும்போது தினமும் அங்கே நின்று ஒவ்வொரு புட்டியாகத் திறந்து காட்டச் சொல்வேன். நான்காம் நாள் அவர் பொறுமையிழந்தார்.

"இன்னா பாப்பா, தெனிக்கும் வர்ற, எல்லாத்தயும் மோந்து பாக்குற, ஒண்ணும் வாங்க மாட்டேங்குற. மூக்குக்கு வாடகை குடுப்பியா?"

நானே கலக்கப் போகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கலக்கு கண்ணு. ஆனா ஒண்ணு. ஒரு சொட்டு வுடு, மூடி வெய்யி, மறுநா மோந்து பாரு. அவசரப்பட்டே, அல்லாமே நாஸ்தி."

தொழில் தெரிந்த ஒருவர் இலவசமாகக் கொடுத்த அந்த அறிவுரையை, இலவசமாக வந்தது என்பதாலேயே நான் மதிக்கவில்லை. பொங்கலுக்கு மாமாக்கள் கொடுத்த காசெல்லாம் அவர் பெட்டிக்குப் போயிற்று. ரோஜா, சம்பங்கி, மரிக்கொழுந்து, அப்புறம் ஊதுபத்தி செய்கிறவர்கள் மட்டுமே வாங்குகிற கருத்த எண்ணெய் ஒன்று. அப்பா சாப்பிட்டுத் தீர்த்த ஓமியோபதி மாத்திரைப் புட்டிகளைக் கழுவி வைத்துக்கொண்டேன். சொட்டு விட, பேனாவுக்கு மை போடுகிற ஃபில்லர். என் முதல் அத்தர் இளநீல நிறத்தில் அமைந்தது இதனால்தான்.

அடுத்த சிக்கல், இவற்றையெல்லாம் எதில் கலப்பது என்பது. தேங்காயெண்ணெயில் கலந்தேன். தை மாதக் குளிரில் அது உறைந்துபோய், புட்டியைக் கவிழ்த்தாலும் வெளியே வர மறுத்தது. நல்லெண்ணெயில் கலந்து சமையலறை அலமாரியில் வைத்ததை அம்மா எடுத்து அப்பாவின் இட்லிப்பொடியில் ஊற்றிவிட்டார். அப்பா நான்கு இட்லி சாப்பிட்டு, இன்றைக்குப் பொடி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இருவருக்கும் மூக்கு வேறு உபயோகங்களுக்காக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் மூக்கு பொடி போட. அம்மாவின் மூக்கு மூக்குத்தி போட. வருடத்தில் பத்து மாதம் அம்மாவுக்குச் சளி. அடுப்பில் பால் தீய்ந்தால் அடுத்த வீட்டுக்காரர் வந்துதான் சொல்ல வேண்டும்.

கடைசியில் பாய் மனமிரங்கி, வாசனையே இல்லாத ஓர் எண்ணெயைக் கொடுத்தார். அதன் பிறகுதான் கலவைகள் கலவைகளாயின. கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நம்பர் போட்டு, எது எத்தனை சொட்டு என்று எழுதி வைத்தேன். எனக்குப் புரியாத ஒன்று, கலக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சம்பங்கி மட்டும் காணாமல் போய்விடும். சரி, ஆவியாகிவிட்டது என்று இன்னும் ஐந்து சொட்டு விடுவேன். மறுபடி காணாமல் போகும். இன்னும் ஐந்து. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு மரத்துப் போகும், நடுவில் எழுந்து வெளிக்காற்று வாங்கிவிட்டு வர வேண்டும் என்று அந்த மயிலாப்பூர்ப் பெண் சொன்னபோது, நான் நாற்பது வருடம் தாமதமாகத் தலையை ஆட்டினேன்.

ஐந்தாம் நம்பர் கலவையில் அது கிடைத்துவிட்டது. ஜன்னல் இடுக்கில் வந்த அதே வாசனை. ஈரத் தார்ச்சாலை மட்டும்தான் குறை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து வருவதாக இருந்தது. உப்பு வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு வருடத்துக்குள் வீட்டில் நல்ல காரியம் ஒன்று நடந்தாக வேண்டும் என்பதால் அவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். அந்த அவசரம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. பெண் வேலையை உடனே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சித்தி கண்ணாடி முன்னால் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மா பூ வைத்துவிட்டுப் போனதும் நான் புட்டியை நீட்டினேன். சித்தி மூடியைத் திறந்து முகர்ந்தார். சட்டென்று புட்டியைத் தள்ளிப் பிடித்தார். பிறகு மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து இன்னொரு தரம் முகர்ந்தார்.

"எங்கட்டி புடிச்ச இந்த வாசனைய?"

"சொல்ல மாட்டேன். தொழில் ரகசியம்."

சித்தி கண்ணாடியில் தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு காதுகளுக்கும் பின்னால் தடவிக்கொண்டார். மணிக்கட்டில் தடவிக்கொண்டார். கழுத்தில், முந்தானையில், கொசுவத்தில், கடைசியில் மிச்சத்தைத் தலையிலிருந்த மல்லிகையின் மேல் அப்படியே கவிழ்த்தார். ஒரு கலைஞருக்கு முதல் பாராட்டு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது எனக்கு.

சித்தி காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்தார். தம்ளரை எடுக்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். மூக்கு விடைத்தது. கண் நிறைந்தது.

"எங்க வீட்டுக்காரவுகளக் கெடத்தியிருந்தப்ப இதே வாசந்தான் ஐயா அடிச்சிது" என்றார் பக்கத்திலிருந்த பெரியவரிடம். கேசரியைத் தொடாமலேயே எல்லோரும் எழுந்து போனார்கள். அந்த அம்மாள் செருப்பைத் தேடிய விதம் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது. வேடிக்கையாக எழுத முடியாத இடம் இந்தக் கதையில் அது ஒன்றுதான். அப்போதோ, அவர் என்ன சொன்னார் என்பதே எனக்குச் சரியாக விளங்கவில்லை. துக்கத்தில் இருப்பவர், எதற்கோ அழுகிறார் என்று நினைத்து அந்தக் கேசரியை நான் சாப்பிட்டேன்.

மறுவாரம் சித்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இன்னொரு புட்டி வேண்டும் என்றார். இதே கலவைதான், கொஞ்சம் பெரிய புட்டியாக, சம்பங்கியை மட்டும் இன்னும் தூக்கலாக.

பத்து வயதில் தொழில் தொடங்கி இரண்டாவது ஆர்டரும் வாங்கிவிட்டவர்களுக்குத்தான் அந்த நடை வரும். பள்ளிக்கூடத்தில் நான் அப்படி நடந்தேன்.

இரண்டாவதாக வந்தவர்கள் மதுரைக்காரர்கள். இவர்களுக்கும் பெண் வேலைக்குப் போவது ஆகாது. மாப்பிள்ளை நான்கு தரம் தும்மினார். அவருடைய பெரியப்பா கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சமீபத்தில் யாராவது தவறிவிட்டார்களா என்று அப்பாவிடம் கேட்டார். இல்லையே என்றார் அப்பா. அவர் நம்பியதாகத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து விஷயத்தை உடைத்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மொதலாளி. ரெண்டு பார்ட்டியும் ஒரே மாரி சொல்றாங்கோ. உள்ள கால வெச்சா சாவூட்டு வாசன அடிக்குதாம். பன்னீரு, பத்தி, மாலை, அல்லாம். ஊட்ல இன்னாவோ கீது, பாத்துக்கோங்க."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏங்க, என் தங்கச்சிக்கு இப்படி ஒரு பேரா வரணும்?" என்று அழுதார். மறுநாளே ஐயர் வந்து ஹோமம் நடந்தது. அப்பா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வீட்டில் நின்று வெள்ளையடித்தார். கிணற்றை இறைத்தார்கள். பாவம், வாசனை எதுவும் தங்கள் மூக்குக்கு எட்டாத இரண்டு பேர், எட்டாத வாசனையை வீடு முழுக்கத் தேடித் தேடித் துரத்தினார்கள்.

இப்போது எனக்கு விளங்கிவிட்டது. தரகர் வரிசையாகச் சொன்னது என் கணக்கு நோட்டின் பின்பக்கம். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சித்தியிடம் ஓடினேன். தெருமுனை வீட்டிலிருந்து, ஜன்னல் இடுக்கிலிருந்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி அழுதேன். உன் கல்யாணத்தை நான்தான் கெடுத்துவிட்டேன், அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

சித்தி ஈரத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் இன்னும் சத்தமாக அழுதேன். துண்டை எடுத்தபோது கண்ணில் நீர் இருந்தது, ஆனால் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஏ கழுத, அழாதட்டி. உன் அத்தர்ல ஒரு கொறையும் இல்ல. நல்லா இருக்கப்போய்த்தான நான் மறுபடியும் கேட்டேன்?"

"அப்ப அவங்க ஏன் எந்திரிச்சுப் போனாங்க?"

"அவங்களுக்கு மூக்கு சரியில்ல. இந்த வாசனையத் தாங்குத ஆளு ஒருத்தன் வருவான். அதுவரைக்கும் நீ அம்மாகிட்ட வாயத் தொறக்காத, என்னா?"

இதைவிடச் சரியான விளக்கம் எந்தக் கலைஞனுக்கும் எந்த ரசிகரும் கொடுத்ததில்லை. குறை கலவையில் இல்லை, மூக்கில் இருக்கிறது. என் கண்ணீர் அந்தக் கணமே நின்றது. பிற்காலத்தில் என் கட்டுரைகளைப் பத்திரிகைகள் திருப்பியனுப்பியபோதெல்லாம் நான் கலங்காமல் இருந்ததற்கு அந்த மொட்டைமாடிதான் காரணம்.

மூன்றாவது ஜாதகம் ஆனியில் வந்தது. அது எப்படி வந்தது என்று தரகருக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தபாலில் வந்தது என்றார். மாப்பிள்ளை அடையாறில் அறையெடுத்துத் தங்கியிருக்கிறார். டெலிபோன் இலாகாவில்தான் வேலை, ஆனால் வேறு ஆபீஸ். லைன் பழுதானால் எக்ஸ்சேஞ்சோடு பேசிப் பேசிச் சரிபார்க்கிற பிரிவு. பெண் வேலைக்குப் போவதில் ஆட்சேபம் இல்லையாம். அப்பா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார், எங்காவது பொடி எழுத்தில் நிபந்தனை இருக்கிறதா என்று.

நான் ஒன்பதாம் நம்பரோடு தயாராக இருந்தேன். ஒரு மாத உழைப்பு அது. ஞாயிற்றுக்கிழமை காலை சித்தி தலைக்குக் குளித்து, சாதாரண வாயில் புடவை கட்டிக்கொண்டிருந்தார். புட்டியை நீட்டினேன். சித்தி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இன்னைக்கு வேண்டாம்ட்டி."

"ஒன்பதாம் நம்பர் சித்தி! சம்பங்கி அள்ளுது!"

"சொன்னாக் கேளு. இன்னைக்கு வேண்டாம்."

ஒரே வாடிக்கையாளரும் போய்விட்டார். நான் சமையலறை ஜன்னலோரம் போய் நின்று யோசித்தேன். இந்த வாசனையைத் தாங்குகிற ஆள் வருவான் என்று சொன்னவர் சித்திதான். இன்றைக்கு வருகிறவர் தாங்குவாரா இல்லையா என்று பார்க்காமல் எப்படிக் கட்டிக்கொடுப்பது? சித்தி நாணத்தில் மறந்துவிட்டார், குடும்பத்தில் யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. கூடத்தில் மாப்பிள்ளைக்கென்று போட்டிருந்த பிரம்பு நாற்காலியின் மெத்தையில் முக்கால் புட்டியைக் கொட்டி, கையால் நன்றாகத் தேய்த்துவிட்டேன். மிச்சத்தை மூடி வைத்தேன்.

மாப்பிள்ளை தன் அக்காவோடு வந்தார். ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நொடி அசையாமல் இருந்தார். பிறகு குனிந்து தன் சட்டையை முகர்வதுபோல ஏதோ செய்தார்.

சித்தி தட்டோடு வந்தவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. கண்கள் கூடத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றன. முந்தைய இரண்டு தடவையும் சித்தி பயந்து நான் பார்க்கவில்லை. அன்றைக்குப் பார்த்தேன். எதற்கு என்றுதான் தெரியவில்லை.

அக்கா மூக்கைச் சுளித்துத் தம்பி பக்கம் சாய்ந்தார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். எங்கள் கூடம் சிறியது.

"என்னடா இது, கேத வீட்டு வாசம் அடிக்கி? எந்திரி, போயிருவோம். மனசுக்குச் சரியாப் படல."

"நான்தான்க்கா" என்றார் மாப்பிள்ளை உடனே. "ரூம்ல ஒருத்தன் அத்தர் வெச்சிருந்தான். கெளம்பும்போது கொஞ்சம் போட்டுக்கிட்டேன்."

"பொண்ணு பாக்க வரையில போடுத வாசனையாடா இது?"

என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மாத உழைப்பை, பெயர் தெரியாத எவனோ அறைத்தோழன் செய்ததாக ஒருவர் என் கண் முன்னாலேயே சொல்கிறார்.

"பொய்! அது என்னோட அத்தர்! நான் கலந்தது! ஒன்பதாம் நம்பர்!"

அப்பாவின் கை மூக்குப்பொடியோடு பாதி வழியில் நின்றது. மாப்பிள்ளை மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு பரவியது, பழகிய ஒருவரைக் கூட்டத்தில் கண்டுபிடித்த மாதிரி.

"ஓ! நீதானா அந்த ஆளு? சம்பங்கிய அள்ளி அள்ளி ஊத்துறது?"

"காபி ஆறுது" என்றார் சித்தி, யாரையும் பார்க்காமல். காதுமடல் சிவந்திருந்தது.

அக்கா தம்பியைப் பார்த்தார். சித்தியைப் பார்த்தார். மறுபடி தம்பியைப் பார்த்துவிட்டு, எழுந்திருக்க எடுத்த கைப்பையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டார். காபியை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"உனக்கு எந்த ஷிப்ட்டும்மா?" என்று சித்தியிடம் கேட்டார்.

"இந்த வாரம் காலைலக்கா, ஆறு மணி" என்றார் மாப்பிள்ளை.

அம்மா சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரம். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கேசரி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனார். எல்லோரும் இப்படி வாயடைத்துப் போனது என் அத்தரினால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓடிப்போய் மிச்சமிருந்த கால் புட்டியை எடுத்து வந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவர் அதை மரியாதையோடு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

தி.நகர் சந்து ஒன்றில், மை ஃபில்லரால், பெரியவர்களுக்குத் தெரியாமல் நான் கலக்கிற அத்தரில் சம்பங்கி தூக்கல் என்பது அடையாறில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் ஒரு மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. அதுவும் எங்கள் வீட்டுப் படியை முதல்முறையாக ஏறியவருக்கு. எப்படித் தெரிந்தது என்ற கேள்வி எனக்கு எழவேயில்லை. புகழ் அப்படித்தான், தானாகவே பஸ் ஏறிப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன்.